அழைப்பவளின் உரிமை

நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றில், தௌமருனுயியிலிருந்து பிபிரிக்கி வரை 145 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு வருகிறார்கள் பயணிகள். வழியில் தியெக்கேயில் இரவு தங்கலாம். அரசின் தங்குமிடமாக இருந்த அங்கே 1993இல் மவோரிகள் மீண்டும் வந்து அமர்ந்தார்கள். இப்போது அது அவர்களுடைய மராயும்கூட. மராய் என்றால் இனக்குழு கூடும் முற்றம். முறைப்படி வரவேற்கும்போது விருந்தாளி தானாக உள்ளே நடந்துவிட முடியாது. ஒரு பெண் குரலெடுத்து அழைக்க வேண்டும். கரங்கா என்பது அதன் பெயர்.

அந்தக் குரலைச் சுற்றுலாவின் ஈர்ப்பாக விளம்பரப்படுத்தும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. பணம் வாங்கி வரவேற்பதில் இழிவு இல்லை. காலங்காலமாகச் சம்பளமில்லாமல் விருந்தோம்பியவர்கள்தானே நாம். ஆனால் அழைக்க மறுக்க முடியாதவள் அழைப்பதை அழைப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆற்றுக்கும் இதே கேள்வி உண்டு. 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுயியைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. அதன் சார்பில் பேச இருவர் இருக்கிறார்கள். ஆனாலும் மேல்நீரில் ஒரு பகுதியை மின்திட்டம் இன்னும் திருப்பிக்கொண்டு போகிறது. நாம் காவிரியைத் தாய் என்கிறோம். தாய் என்றால் கொடுக்க வேண்டியவள் என்று முடிவு கட்டிவிட்டோம். மவோரிகளுக்கு ஆறு மூதாதை. மூதாதையிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், கேட்டால் 'இல்லை' என்றும் பதில் வரலாம்.

தியெக்கேயின் பெண்கள் ஒரு கோடையில் “இந்த முறை யாரும் வரவேண்டாம்” என்று சொன்னால், முன்பதிவுப் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்? நிலைத்த சுற்றுலா பற்றிய திட்டம் எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது இதற்கான பதிலைத்தான்.