காண்பவனும் காட்சிப் பொருளும்

வட இந்திய நகரங்களின் திருமண வரவேற்புகளில் இக்காட்சியைப் பலரும் கண்டிருப்பர். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. சரிகையும் கண்ணாடிச் சில்லுகளும் தைத்த கனமான லெஹங்கா, குதிகால் உயர்ந்த செருப்பு, உதட்டுச் சாயம். மற்றக் குழந்தைகள் நாற்காலிகளுக்கிடையே ஓடிப் பிடித்து விளையாட, இவள் மட்டும் பாவாடையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். வருவோரெல்லாம் கன்னத்தைத் தொட்டுப் புகழ்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். இதில் தவறு ஏதும் உண்டா?

பெரியவர்களைப் போல் உடுத்துவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. காஷ்மீரக் குழந்தை தன் தந்தையின் ஃபெரனையே சிறிய அளவில் அணிகிறது. அது குளிரைத் தடுக்கிறது. தளர்வாக இருப்பதால் ஓடவும் விடுகிறது. ஜன்மாஷ்டமியன்று எத்தனையோ இல்லங்களில் மயிற்பீலி சூடிய கண்ணன்கள் தவழ்கிறார்கள். ஆடையில் வெண்ணெய் பட்டால் எவரும் கோபிப்பதில்லை. அரை மணி நேரத்தில் மயிற்பீலி எங்கோ ஒரு மூலையில் கிடக்கும்!

வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தாவிலும், மகாராஷ்டிரத்தில் அதுபோன்ற கோதடியிலும் பச்சிளங்குழந்தையைக் கிடத்துவது வழக்கம். பலமுறை துவைத்து மென்மையான துணியே அதற்கு ஏற்றது என்பது பாட்டிமார்களின் அனுபவ அறிவு. அங்கும் பெரியவர்களின் துணிதான் குழந்தையிடம் வந்தது. ஆனால் குழந்தையின் தோலை எண்ணி வந்தது. முதல் பிறந்தநாளுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிவிக்கிறோமே, அது யாரை எண்ணி? உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் திறன் இன்னும் முதிராத அந்தச் சிறு உடல், விருந்தினரின் கண்களுக்காகப் புழுங்குகிறது.

காண்பவன் வேறு, காணப்படும் பொருள் வேறு என்று வேதாந்தம் பகுத்துக் காட்டுகிறது. குழந்தை இயல்பாகவே காண்பவன். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தன்னைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற நினைவே அதற்கு இல்லை. பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில் அவதூதர் தம் 24 குருமார்களுள் ஒரு குழந்தையையும் சேர்க்கிறார்; மான அவமானங்களை அது பொருட்படுத்தாததே காரணம். அந்தக் குருவைத்தான் நாம் கண்ணாடிமுன் நிறுத்தி, 'நான் எப்படி இருக்கிறேன்?' என்று கேட்கப் பழக்குகிறோம். பணவிரயத்தைவிட இந்த இழப்பே பெரிதென எனக்குப் படுகிறது.

"குழந்தையே விரும்பிக் கேட்கிறதே!" என்பார்கள் பெற்றோர். எதற்குக் கைதட்டினோமோ அதையே அது மீண்டும் கேட்கிறது. அம்மாவின் செருப்பில் காலை நுழைத்துத் தள்ளாடி நடப்பது விளையாட்டு, அலுத்ததும் உதறிவிடும். அதே செருப்பை அதன் அளவில் வாங்கி, "விழா முடியும்வரை கழற்றாதே" என்று சொல்வது விளையாட்டல்ல. பிறக்கும்போது பாதத்தின் பெரும்பகுதி குருத்தெலும்பே. அது முழுவதும் எலும்பாக இறுகப் பதின்பருவம் ஆகிவிடும் என்பதையும் எண்ண வேண்டும்.

திரைப்படங்களில் பெரியவர்கள் ஆடும் அசைவுகளைத் தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் குழந்தைகள் ஆடுவதைக் கண்டு, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை வழங்கியது. நல்லதுதான். ஆனால் அரசின் கடிதம் தொலைக்காட்சி நிலையம்வரை போகும். நம் வீட்டுத் துணி அலமாரிக்கு வராது.

முதல் ஆண்டிலேயே குழந்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளம் வளர்ந்துவிடுகிறது. ஆகவே விலை எதுவாயினும் ஆடை சில மாதங்களுக்குத்தான். சற்று வளர்ந்த பிள்ளையாயின் கடையிலேயே அணிவித்து, தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லலாம். கைகளை உயர்த்தட்டும், நாலடி ஓடட்டும். அவசரத்திற்குத் தானே கழற்ற முடிகிறதா என்றும் பார்க்கலாம். முடியவில்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.