அமானிதமாக வந்த பிள்ளைகள்

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. கேட்பதற்கு இனியதுதான், எனினும் அதனுள் ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு ஒளிந்திருக்கிறது. தமக்கெனப் பிள்ளையே இல்லாத ஒருவர் ஊரார் பிள்ளைகளைக் காக்க நேர்ந்தால் அவருடைய கடமை எத்தகையது? இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க நாட்டின் கோடை முகாம்கள் தக்க களமாக அமைகின்றன.

1861ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த பிரடெரிக் கன் என்பவர், தம் துணைவியார் அபிகெயிலுடன் சேர்ந்து, பள்ளி மாணவர் அனைவரையும் நடைப்பயணமாக அழைத்துச் சென்று இரண்டு வாரங்கள் முகாமிட்டுத் தங்கச் செய்தார். படகோட்டுதலும் மீன்பிடித்தலும் அங்கே பாடங்களாயின. அமெரிக்காவின் முதல் கோடை முகாமாக அதனையே குறிப்பிடுவர். இன்று அந்நாட்டில் ஆண்டுதோறும் பல இலட்சம் சிறுவர் சிறுமியர் இத்தகைய முகாம்களுக்குச் செல்கின்றனர். அவர்களை உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்குக் கவுன்சிலர் என்று பெயர். ஆலோசனை கூறுபவர் என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுள் பலர் 18, 19 வயதே நிரம்பிய கல்லூரி மாணவர்கள்.

ஆலோசகர் என்று பெயரிருப்பினும், வெளியே அழைத்துச் செல்லும் நாட்களில் அவர் ஓயாது செய்வது எண்ணுதலே. பேருந்தில் ஏற்றும்போது எண்ணுகிறார், இறக்கும்போது எண்ணுகிறார், காட்டுப் பாதை திரும்பும் இடந்தோறும் எண்ணுகிறார். ஏரியில் நீந்தும்போது பிள்ளைகளை இருவர் இருவராக இணைத்துவிடுவது அங்குள்ள வழக்கம். குறித்த இடைவெளியில் ஊதல் ஒலிக்கும். உடனே ஒவ்வோர் இணையும் கைகோத்து உயர்த்த வேண்டும். கரையிலிருப்போர் எண்ணிப் பார்த்துப் பலகையிலுள்ள கணக்கோடு ஒப்பிடுவர். வாணிகத்தில் இருபதில் ஒன்று குறைந்தால் சேதாரம் என்று எழுதிவிடலாம். பிள்ளைக் கணக்கில் சேதாரம் என்னும் பத்தியே கிடையாது.

அவ்வாறாயின் குறையாமல் திருப்பித் தருவதோடு கடமை முடிந்துவிடுகிறதா? நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை நாம் அமானிதம் என்கிறோம். நகையொன்று அமானிதமாக வந்தால், வந்தபடியே திருப்பித் தருவதுதான் நேர்மை. பிள்ளை அத்தகைய பொருளன்று. முகாமுக்குச் சென்ற பிள்ளை சென்றபடியே திரும்பி வருமாயின், அனுப்பிய பெற்றோர் எதற்காக அனுப்பினார்கள்? தன் படுக்கையைத் தானே விரிக்கவும், தாயில்லாத முதல் இரவின் அழுகையைத் தானே கடக்கவும், அறிமுகமற்ற ஒருவனோடு படகில் துடுப்பைப் பகிர்ந்துகொள்ளவும் அன்றோ அனுப்பினார்கள்! வளரவிடாமல் காப்பதும் இந்த அமானிதத்திற்குச் செய்யும் ஒருவகைத் துரோகமே.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. தன் மகன் மரமேறுவதைத் தந்தை பார்த்துக்கொண்டிருக்கலாம். விழுந்தால் அந்த வலியில் அவருக்கும் பங்குண்டு. பிறர் மகன் விழுவதற்கு ஒப்புதல் அளிக்க ஓர் இளைஞருக்கு என்ன உரிமை இருக்கிறது? அஞ்சுபவர் எல்லா மரங்களையும் விலக்கிவிடுவார்; அசட்டையானவர் எல்லா மரங்களையும் அனுமதித்துவிடுவார். இரண்டுமே சிந்திக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழிகள்.

ஆபத்துகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் வழி புலப்படும். வழுக்கும் பாறை, உயர்ந்த கிளை, இருண்ட பாதை ஆகியவற்றைப் பிள்ளை தன் கண்ணால் காண்கிறது. தன் அச்சத்தால் அளக்கிறது. முழங்கால் சிராய்ப்போடு முடியக்கூடிய அத்தகைய துணிவைப் பிள்ளைக்கே விட்டுவிடலாம். பிள்ளையால் காணவும் அளக்கவும் இயலாத ஆபத்தோ முற்றிலும் பெரியவர்களின் பொறுப்பு. அதில் ஓர் இம்மியளவும் பிள்ளையின் தலையில் சுமத்தலாகாது.

2025 ஜூலை 4ஆம் நாள் விடியுமுன் டெக்சஸ் மாநிலத்தின் குவாடலூப் ஆறு ஏறத்தாழ 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்தது. ஆற்றங்கரைச் சிறுமியர் முகாமொன்றில் பிள்ளைகளும் அவர்களைக் காத்துநின்ற இளம்பெண்களுமாக 27 பேர் மாண்டனர். உறங்கும் சிறுமிக்கு ஆற்றின் குணம் எப்படித் தெரியும்? அவளருகே படுத்திருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின்மேல் மட்டும் அப்பொறுப்பை ஏற்றிவிடவும் முடியாது. எங்கே கூடம் கட்டுவது, யார் விழித்திருப்பது, எப்போது மேட்டுக்கு ஏற்றுவது என்பனவற்றை வெயில் காயும் நாளிலேயே தீர்மானித்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

அந்த இரவில் அம்முகாமின் இளம்பெண்கள் இருவர், வெள்ளம் தங்களையும் எட்டிவிடுமோ என அஞ்சி, சிறுமியரின் பெயர்களை உடலில் எழுதிவைத்தனர் என்று செய்திகள் கூறின. பகலெல்லாம் எண்ணிக்கையாக இருந்தது அந்த நேரத்தில் பெயராயிற்று. உண்மையில் எண்ணுதலின் உட்பொருளே அதுதான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று எண்ணும்போது, எவரும் எவருக்கும் ஈடாக மாட்டார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். கொஞ்சிப் பேசும் பிள்ளையும் எண்ணிக்கையில் ஒன்று. முகம் திருப்பிக்கொண்டு மூலையில் நிற்கும் பிள்ளையும் ஒன்று. எல்லாரிடத்தும் ஒரே அளவு பாசம் கொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஒரே அளவு கவனம் செலுத்துமாறு கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கோடை முடிந்து பெற்றோர் வந்ததும், திரும்பிப் பாராமல் பிள்ளை ஓடிவிடக்கூடும். அதனால் வருந்த வேண்டியதில்லை. ஒப்படைத்தவர் கையில் அமானிதம் சேர்ந்துவிட்டது. அதுவும் சற்றே வளர்ந்து சேர்ந்திருக்கிறது. தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவரே நல்ல காவலர்.