இருளறையும் விருந்தினரும்

ஒரு வீட்டிலே வீட்டுக்குரியவன் தனக்கென்று அமைத்துக்கொள்ளாத அறை ஒன்று உண்டானால், அது விருந்தினர் அறையேயாகும். அடுக்களை அவன் வயிற்றுக்காக; படுக்கையறை அவன் உறக்கத்துக்காக; கூடம் அவன் குடும்பத்துக்காக. விருந்தறை ஒன்றே பிறனுக்காக. ஆதலின், ஒருவனது உள்ளத்தை அளந்தறிய விரும்புவோர் அவன் கூடத்து நாற்காலிகளை எண்ண வேண்டுவதில்லை. விருந்தறைக் கதவைத் திறந்து பார்த்தாலே போதும்.

இக்காலத்தில் இவ்வறை ஒரு புதுக்கோலம் பூண்டு வருகின்றது. முன்னெல்லாம் வெள்ளையோ இளமஞ்சளோ பூசிய சுவர்களுக்கு, இப்பொழுது மைநீலமும் கரும்பச்சையும் கரிநிறமும் பூசுகின்றனர். சுவர் மட்டுமன்று, கதவும் மேற்றளமும் அதே நிறம். சன்னலுக்குக் கனத்த திரை. மூலைக்கு மூலை மங்கலான மஞ்சள் விளக்கு. பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் மட்டுமின்றித் தோட்டத்தை விட்டு நகரோரத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் இவ்வழக்கம் நுழைந்துவிட்டது. இதைக் கண்டு மகிழ்வோர் சிலர், முகஞ்சுளிப்போர் சிலர். வெறும் வர்ண விவகாரமென்று இதைத் தள்ளிவிடுதல் தகாது. பிறனுக்கென்று ஒதுக்கிய இடத்தில் என் விருப்பத்துக்கு எவ்வளவு உரிமையுண்டு என்னும் அறக்கேள்வி ஒன்று இதனுள்ளே கிடக்கின்றது.

முகஞ்சுளிப்போரின் முதல் வாதத்தை முதலிலேயே அப்புறப்படுத்திவிடுவோம். “கறுப்பு அமங்கலம், வீட்டுக்குள் கறுப்பைப் பூசினால் மூதேவி குடிபுகுவாள்” என்பது அவர்கள் கூற்று. நிறத்துக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. நாம் உண்ட சோற்றை ஆக்கிய சட்டி கறுப்பு. நம்மைப் பெற்று வளர்த்த தாயரிற் பெரும்பாலோர் மேனியும் கறுப்பு. 1944-ல் சேலத்தில் அப்பெயர் சூட்டிக்கொண்ட திராவிடர் கழகம், கறுப்பின் நடுவே செவ்வட்டம் பொறித்த கொடியையே தனதாக்கிக்கொண்டது. திராவிடரின் இழிநிலையைக் கறுப்பும், அதை நீக்கும் முயற்சியைச் சிவப்பும் குறிக்குமென்றது. நிறத்துக்குப் பொருள் கற்பிப்பவன் மனிதனே என்பது இதனால் விளங்கவில்லையா? பெண் பார்க்கச் சென்ற இடத்தில் மேனி நிறத்தைக் குறைகூறும் வாயும், சுவரின் நிறத்தைக் கண்டு அஞ்சும் வாயும் ஒன்றே. அவ்வாய்க்கு நாம் செவி சாய்க்க வேண்டுவதில்லை.

இரண்டாவது வாதம் சுகாதாரம் பற்றியது. இது அவ்வளவு எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. இருண்ட அறையின் கொடுமையை இந்நாட்டவர் நூலில் படித்து அறிந்தாரல்லர், வாழ்ந்தே அறிந்தனர். 1907-ல் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்ட பேராசிரியர் சிம்சன் என்பார், கடைவீடுகளின் உள்ளே சன்னலும் காற்றோட்டமுமின்றிப் பலகைத் தடுப்புகளால் வகுக்கப்பட்ட அறைகளைக் கண்டார். காசநோய்க்கும் அவ்விருளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டி, வீடுகளின் பின்புறத்தில் சந்துகள் திறந்து வெளிச்சமும் காற்றும் புக வழி செய்யவேண்டுமென்றார். இங்கிலாந்திலோ 1696 முதல் 1851 வரை சன்னலுக்கே வரி இருந்தது. வரிக்கு அஞ்சியவர்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். ஏழைகள் பலர் குடியிருந்த வாடகை வீடுகளில் வரியும் மிச்சமாயிற்று, வெளிச்சமும் மறைந்தது. அரசாங்கம் சூரியனுக்கே விலை கூறிய காலம் அது.

ஆயினும் ஒன்றை இங்கே பகுத்துப் பார்த்தல் வேண்டும். அந்த இருள் சன்னலில்லாமையால் வந்த இருள். இந்த இருள் சுவர்ப்பூச்சால் வந்த இருள். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகத் திருப்பித் தரும். கரிநிறச் சுவரோ பத்தில் ஒரு பங்கும் தராது. ஆனால், சன்னல் திறந்திருக்குமாயின் காற்றும் வெயிலும் கரிய சுவரைக் கண்டு திரும்பிச் செல்வதில்லை. மேலும், இரவில் கண்ணிற்படும் வெளிச்சம் உடலின் உறக்கச் சுரப்பைக் குறைக்குமென்பது விஞ்ஞானிகள் நிலைநாட்டிய உண்மை. உறங்குவதற்கென்றே உள்ள அறை இரவில் இருண்டிருப்பது குற்றமன்று, குணமேயாகும்.

அப்படியாயின் இருள் எப்பொழுது தீமையாகின்றது? இதற்கு விடை நிறத்தில் இல்லை; விசை யார் கையில் என்பதில் இருக்கின்றது. தடுப்பறையில் கிடந்த தொழிலாளி தன் இருளை நீக்கிக்கொள்ள வழியற்றவன். அழகுக்காகக் கரும்பச்சை பூசிய சீமான் திரையை விலக்கினால் ஒளி வரும். தான் விரும்பி ஏற்ற இருள் இளைப்பாறுதல். பிறர் தன்மேல் சுமத்திய இருள் சிறை. விருந்தினனோ இவ்விருவருக்கும் இடையில் நிற்பவன். அவ்வறையின் நிறத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை; பிடிக்கவில்லையென்று சொல்லவும் நாகரிகம் அவனை விடாது. வாய் திறக்கமாட்டாதவன் மேல் நம் விருப்பத்தைச் செலுத்துகிறோம் என்பதனாலேயே இங்கு நமது பொறுப்பு பெரிதாகின்றது.

தன் சுவையே பெரிதென்று கொண்டவனின் கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். லிவர்ப்பூல் கப்பல் முதலாளி லேலண்டு என்பவரின் லண்டன் மாளிகையில், விருந்தினரை அமர்த்தி உணவளிக்கும் அறையை ஜெக்கில் என்ற சிற்பி அமைத்தார். அதன் வர்ணத்தைச் சிறிது திருத்தும் பொறுப்பு 1876-ல் விஸ்லர் என்ற ஓவியரிடம் வந்தது. முதலாளி ஊரில் இல்லாத வேளையில், விஸ்லர் சுவரிலிருந்த விலையுயர்ந்த தோல் விரிப்பின் மேலேயே கருநீலப் பச்சையைப் பூசிப் பொன்னால் மயில்களை எழுதினார். வேலை முடியுமுன்பே, வீட்டுக்காரரைக் கேளாமல், பத்திரிகைக்காரரையும் பெருமக்களையும் அழைத்துக் காட்டினார். பின்பு 2000 கினி கேட்டார்; 1000 பவுன்தான் கிடைத்தது. கோபத்தால், சண்டையிடும் இரு மயில்களை அச்சுவரிலேயே தீட்டித் தம் வழக்கை நிலைநிறுத்திவிட்டுச் சென்றார். அவ்வறை இப்பொழுது வாஷிங்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. அழகில் அதற்கு இணை அரிது. ஆயினும் கேளுங்கள்: அங்கே விருந்துண்ண வந்தவன் எங்கே போனான்? கலைஞனின் புகழுக்கும் முதலாளியின் பணத்துக்கும் நடந்த போரில், அறை யாருக்காக ஏற்பட்டதோ அவனை இருவருமே நினைக்கவில்லை.

இதனால், வீட்டுக்காரன் தன் சுவையை முற்றும் துறந்து, விருந்தறையைச் சத்திரம் போல வெறுமையாக வைக்கவேண்டும் என்று முடிவு கட்டுதல் கூடாது. நமக்கு அழகென்று தோன்றியதை வந்தவனோடு பங்கிட்டுக்கொள்ளுதலும் உபசாரமே. வெள்ளைச் சுவராலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. பழைய கட்டிலையும் உடைந்த அலமாரியையும் தள்ளி வைத்த வெள்ளைச் சுவர் விருந்தறைகளை நாம் கண்டதில்லையா? கொடுப்பது வேறு, காட்டுவது வேறு என்பதே என் கருத்து. தோட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வரும் முதியவளை எண்ணிப் பாருங்கள். முதுமையில் கண்மணி சுருங்கும். விழியின் வில்லை மஞ்சளிக்கும். இளைஞனுக்குப் போதுமான வெளிச்சம் அவளுக்குப் போதாது. கரிய அறையில், கரிய கதவருகே, கரிய விசையை அவள் நள்ளிரவில் தடவித் தேடுகிறாள். அவள் கட்டிலுக்கு எட்டும் இடத்தில் ஒரு விளக்கும், கழிவறை வழியில் ஒரு சிறு சுடரும் வைத்தவன் கரிநிறம் பூசினாலும் விருந்தோம்பியவனே. அவற்றை மறந்தவன் பால்நிறம் பூசினாலும் விருந்தோம்பாதவனே.

திருவள்ளுவர் இல்லறத்தாருக்கு விருந்தோம்பல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறளிலும் அறையைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ ஒரு சொல்லுமில்லை; ஆனால் முகத்தைப் பற்றி உண்டு. வந்தவன் முதலில் படிப்பது சுவரையன்று, நம் முகத்தையே என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார்.

நிற்க. இன்னும் ஆழமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கின்றது. விருந்தினன் யார்? தமிழகத்து வீடுகளின் வாயிலில் திண்ணை இருந்தது. வழிப்போக்கன் அதில் படுத்து இளைப்பாறினான் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அத்திண்ணையில் அமரச் சாதி கேட்கப்பட்டது என்பதையும் அத்துடன் சேர்த்துப் பேசுவதே நேர்மை. இன்று நம் விருந்தறைக்கும் கண்ணுக்குத் தெரியாத அவ்வரம்பு உண்டு. மோட்டாரில் வரும் உறவினனுக்கு அது திறக்கும். பேருந்தில் வரும் உறவினனுக்குக் கூடத்துப் பாய் கிடைக்கும். ஆண்டில் முந்நூறு நாள் ஒருவரும் படுக்காத கட்டிலுக்குப் பட்டுறை இருக்க, வீட்டுவேலைக்கு வந்த பெண் அடுக்களை ஓரத்தில் படுக்கும் வீடுகளும் இல்லாமற் போகவில்லை.

வீட்டுக்கு விருந்தறை இருப்பது போல நாட்டுக்கும் உண்டு. நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபொழுது அவர்களுக்குக் கிடைத்த விருந்தறை லயத்துக் காமிரா. இப்பொழுது செம்பனைத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் பிற தேசத்தார் வருகின்றனர். அவருள் தமிழரும் உளர். மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புக்கென 1990-ல் இயற்றிய 446-ஆம் சட்டம் 2019-ல் திருத்தம் பெற்றது. 2020-ல் சிங்கப்பூரில் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் நெருங்கி வாழ்ந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களே. சட்டம் சுவரின் அளவைக் கூறலாம். அச்சுவருக்குள் இருப்பவன் நம் விருந்தினன் என்ற எண்ணத்தை நாம்தான் கொணர வேண்டும். ‘வந்தேறி’ என்ற சொல் நம்மைச் சுட்டபொழுது துடித்த நாம், அதே சொல்லை வேறொருவன் மேல் எறிவோமாயின், நம் வீட்டுச் சுவர் எந்நிறமாயினும் உள்ளம் இருண்டதேயாம்.

ஆகவே, அன்பர்களே, விருந்தறைக்குக் கரிநிறம் பூச விரும்புவோர் தயங்காது பூசுங்கள். எவருடைய சகுனத்துக்கும் அஞ்சவேண்டாம். ஆனால் பூசி முடித்த இரவு, விளக்கை அணைத்துவிட்டு, அவ்வறையில் நீங்களே ஓரிரவு விருந்தினராகப் படுத்துப் பாருங்கள். விசை கைக்கு எட்டுகிறதா? சன்னல் திறக்கிறதா? அக்கட்டிலில் படுக்க உங்கள் மனம் யார் யாரை அனுமதிக்கிறது? முதலிரண்டு கேள்விகளுக்குத் தச்சனும் மின்சாரத் தொழிலாளியும் விடை தருவர். மூன்றாவதற்கு நீங்களே விடை தரவேண்டும்.