பொதுப் பொருளும் தர்மமும்

எல்லாருக்கும் உரிய ஒரு பொருளில் தனியொருவனுக்குள்ள உரிமை எத்தகையது என்னும் கேள்வி, மனிதன் தர்மத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய நாள்தொட்டே அவனைத் தொடர்ந்து வருவது. அக்கேள்வி நம் காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொது நிலங்களிலே, சாலையை விட்டு விலகி ஓடும் மோட்டார் வாகனத்தின் உருவில் வந்து நிற்கிறது. அந்நாட்டின் தேசிய வனங்கள் மட்டுமே ஏறத்தாழ 19 கோடி ஏக்கர் பரப்புள்ளவை; அவை ஜனங்களின் சொத்து. ‘என் காட்டில் என் வண்டியை நான் விரும்பிய வழியில் ஓட்ட எவர் தடுப்பது?’ என்று ஒருவன் கேட்டால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் அவன் சக்கரத்தின் கீழே கிடப்பது யாதென்று குனிந்து பார்க்கவேண்டும். யூட்டா மாநிலத்தின் வறண்ட பொது நிலங்களில், மண்ணின்மேல் கருநிறப் பொருக்கொன்று சிறுசிறு மேடுகளாக எழும்பியிருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் தம் இழைகளால் மணற்பருக்கைகளைக் கோத்துப் பின்னிய உயிர்ப்போர்வை அது. மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் காப்பதும், ஆகாயத்து நைட்ரஜனைச் செடிகளுக்கு உணவாக்கித் தருவதும் அப்போர்வையே. ஒரு சக்கரம் ஒரு கணத்தில் நொறுக்கியதை இயற்கை மீண்டும் நெய்து முடிக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். கலிபோர்னியாவின் பாலைவனத்தில் 1942-ல் யுத்தப் பயிற்சிக்காக டாங்கிகள் ஓடிய தடங்கள், அவற்றை ஓட்டிய வாலிபர்கள் கிழவர்களான பின்னும் அழியாமல் கிடந்தன.

இத்தகைய கேட்டுக்கு அரசும் வரம்பு கட்ட முயன்றது. 1972-ல் ஜனாதிபதி நிக்ஸன் பிறப்பித்த ஆணை, சாலையை விட்டு விலகி ஓடும் வாகனங்களுக்குரிய பாதைகளை வகுக்கும்போது மண்ணுக்கும் நீர்வளத்துக்கும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் நேரும் கேட்டை இயன்றவரை குறைக்கவேண்டுமென்று விதித்தது. பெருங்கேடு விளையும் இடங்களை உடனே மூடவேண்டுமென்று 1977-ல் ஜனாதிபதி கார்ட்டர் சேர்த்தார். வரைபடத்தில் குறித்த பாதைகளிலும் இடங்களிலுமன்றி வேறெங்கும் ஓட்டலாகாதென்று 2005-ல் வனத்துறை விதி செய்தது. இந்தக் கடைசி விதியில் ஆழ்ந்ததொரு தத்துவம் அடங்கியிருக்கிறது: தடுக்காத இடமெல்லாம் வழி என்பது போய், அனுமதித்த வழியே வழி என்றாயிற்று, அதாவது, காரணம் காட்டி வாதிடவேண்டிய பொறுப்பு, வாயில்லாத காட்டினின்று நீங்கி, வாயுள்ள மனிதனிடம் வந்து சேர்ந்தது.

முதுமையாலோ ஊனத்தாலோ நடக்க இயலாதவருக்கு வண்டியே கால் என்பதை மறுப்பதற்கில்லை. வகுத்த பாதை அவருக்கும் உண்டு. எறும்புக்கும் இன்னல் நேராவண்ணம் முன்னே நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் ஜைன முனிவர், நடப்பதை விட்டவரல்லர். நடக்கும் நெறியை அறிந்தவர். பொது என்ற சொல்லுக்கு ‘எனக்கும் உரியது’ என்ற பொருள் எவ்வளவு உண்மையோ, ‘எனக்கு மட்டும் உரியதன்று’ என்பதும் அவ்வளவு உண்மை; அதில் பங்குடையோரில் இன்னும் பிறவாதோரும் உண்டு. அவர்கள் வந்து தம் பங்கைக் கேட்கும் வரையில் நாம் காவலர்களே. காவலுக்கு வைத்ததை அழிப்பவனுடைய செயலுக்குச் சுதந்திரம் என்று பெயரில்லை.