பிள்ளைக்குக் கதை படிக்கும் பத்து நிமிஷமும் முருக பூஜைதான்

ஓம் சரவணபவ



செவ்வாய்க்கிழமை ஆனா ஒரு கோயில் பத்தியோ, ஒரு அடியார் பத்தியோ எழுதறது என் வழக்கம். இன்னைக்கு என் வீட்டுக் கதையை எழுதறேன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா இதைப் படிக்கறவங்கள்ல என் வயசுல, கைக்குழந்தையோட, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கறவங்க நிறைய பேர். உங்களுக்கு உதவும்னு நம்பி எழுதறேன்.

நான் தருமபுரிக்காரன். சாஃப்ட்வேர் வேலை. வாரத்துல ரெண்டு நாள் பெங்களூரு ஆபீஸ், மீதி நாள் வீட்லேயே லேப்டாப். என் மனைவி ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். பையனைப் பார்த்துக்கறது எங்க அம்மா. போன ஆடிக் கிருத்திகை சமயத்துல அவனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சது. அப்போ அவன் வாயில இருந்தது மொத்தம் நாலு வார்த்தை. "ம்மா", "ப்பா", "மம்மு", "தா". எங்க அம்மா "ஆயான்னு கூப்பிடு சாமி, ஆயா சொல்லு"ன்னு கெஞ்சுவாங்க. திரும்பிக்கூட பார்க்க மாட்டான். கண்ணு முழுக்க போன்ல இருக்கும்.

ஆமாங்க, போன்தான். சோறு ஊட்டணுமா, போன். எனக்கு ஆபீஸ் கால் வருதா, போன். அம்மா அடுப்படிக்குப் போகணுமா, போன். அதுல என்ன ஓடும் தெரியுமா? முருகன் பாட்டு. மயில் பறக்கும், வேல் சுத்தும், குட்டி முருகன் ஆடுவார். "கார்ட்டூனா போட்டுக் குடுக்கறேன்? சாமி பாட்டுதானே"ன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன். உண்மையைச் சொல்லணும்னா, என் சோம்பலுக்கு முருகன் பேரை வச்சு ஒரு மூடி போட்டேன். அவ்வளவுதான்.

குழந்தை டாக்டர்கிட்ட போனோம். முதல்ல காது டெஸ்ட் எடுக்கச் சொன்னார். காது நல்லா இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு நீங்க இவன்கூட எவ்வளவு நேரம் பேசறீங்க?" எனக்குப் பதில் வரலை. அவரே சொன்னார்: "நல்ல பாட்டாவே இருக்கட்டுங்க. இவன் 'ஆ'ன்னு சொன்னா போன் நின்னு கேக்குமா? இவன் கை காட்டற பக்கம் அது திரும்பிப் பார்க்குமா? மடியில உக்கார வச்சு தினமும் ஒரு படப் புத்தகம் காட்டிப் படிங்க. அவன் சொல்றதைக் கேளுங்க."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019லேயே இதை வழிகாட்டுதலா வெளியிட்டிருக்கு. ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். ரெண்டு வயசு ஆனா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லது. குழந்தை உக்கார்ந்திருக்கற நேரத்துல பெரியவங்க கதை சொல்லணும், புத்தகம் படிச்சுக் காட்டணும்னும் அதுலேயே இருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் குமாரசாமிப்பேட்டை கோயிலுக்குப் போனேன். தைப்பூசத்துக்குப் பெண்கள் வடம் பிடிச்சுத் தேர் இழுக்கறாங்களே, அந்த சிவசுப்பிரமணிய சுவாமி கோயில்தான். சன்னதியில நின்னு "என் பிள்ளையைப் பேச வை முருகா"ன்னு வேண்டிக்கிட்டு இருக்கறப்ப, திடீர்னு சுவாமிமலை ஞாபகம் வந்தது.

அந்தக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பிரம்மாவுக்குப் பிரணவத்தோட பொருள் தெரியலை. முருகன் அவரைச் சிறையில வச்சார். விடுவிக்க வந்த சிவபெருமான், "அப்போ உனக்குத் தெரியுமா?"ன்னு கேக்கறார். "சொல்றேன், ஆனா கேக்கற முறையில கேக்கணும்"ங்கறான் பிள்ளை. அப்பா பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு, காதைக் குடுத்துக் கேக்கறார். அதனாலதான் அவன் தகப்பன்சாமி.

இத்தனை வருஷமா இந்தக் கதையில நான் பிள்ளையை மட்டும்தான் பார்த்தேன். எவ்வளவு அறிவு, எவ்வளவு தைரியம்னு. அன்னைக்குத்தான் அப்பாவைப் பார்த்தேன். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல்னு ஐந்தொழிலும் செய்யற ஒருத்தருக்கு வேலை குறைவா? என் ஸ்டாண்டப் மீட்டிங்கை விட முக்கியமான வேலை அவருக்கு இல்லையா? இருந்தும் பிள்ளை வாய் திறக்கறப்ப அவர் காது வேற எங்கயும் போகலை. சுவாமிமலைக்குப் போனவங்க கவனிச்சிருப்பீங்க. கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர், மேலே சுவாமிநாதன். நடுவுல அறுபது தமிழ் வருஷங்களோட பேர்ல அறுபது படி. அப்பா கீழே, பிள்ளை மேலே.

நான் என் பிள்ளையைப் பேச வைன்னு வேண்டறேன். அவன் பேசினா கேக்கறதுக்கு வீட்ல யார் இருக்கா? இந்தக் கேள்விதான் அன்னைக்கு எனக்குக் கிடைச்ச பிரசாதம்.

இன்னொரு அடியாரையும் நினைச்சுக்கிட்டேன். ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர். 17ஆம் நூற்றாண்டு. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே வரலை. அப்பா சண்முகசிகாமணிக் கவிராயரும் அம்மா சிவகாமசுந்தரியும் திருச்செந்தூர்ல போய்க் கிடந்தாங்க. முருகன் அருளால பிள்ளை வாய் திறந்தது, கந்தர் கலிவெண்பா வந்ததுன்னு வரலாறு சொல்லுது. அருள்தான், சந்தேகமே இல்லை. ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. அது ஒரு கவிராயர் வீடு. பேசாத பிள்ளைன்னு அந்த வீட்ல யாரும் பாட்டை நிறுத்தியிருக்க மாட்டாங்க. அஞ்சு வருஷமும் தமிழ் அந்தக் காதுல விழுந்துக்கிட்டே இருந்திருக்கும். வாய் மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருக்கு?

அதே குமரகுருபரர்தான் பின்னாடி வைத்தீஸ்வரன் கோயில் முருகனை வச்சு முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழ்னா என்ன? தெய்வத்தைக் குழந்தையாக்கி, பத்துப் பருவமாப் பிரிச்சுப் பாடறது. செங்கீரை ஆடற குழந்தை, சப்பாணி கொட்டற குழந்தை, முத்தம் கேக்கறது, வா வான்னு கூப்பிடறது. அம்புலிப் பருவத்துல நிலாவைக் காட்டி, குழந்தையோட விளையாட வான்னு நிலாவைக் கூப்பிடுவாங்க. யோசிச்சுப் பாருங்க. ஒரு விரல் ஒரு பொருளைக் காட்டுது, ரெண்டு ஜோடிக் கண்ணு சேர்ந்து அதையே பார்க்குது, ஒரு வாய் அதுக்குப் பேர் சொல்லுது. படப் புத்தகம் படிக்கறதும் இதே வேலைதானே! புரியற வயசு வரட்டும்னு நம்ம பெரியவங்க காத்திருக்கலை. புரியாத குழந்தைக்கிட்டதான் அவ்வளவு தமிழையும் கொட்டினாங்க.

சரி, நேரம்? "வார நாள்ல மூச்சு விடவே நேரம் இல்லை"ன்னு நீங்க சொல்றது கேக்குது. நானும் அதையேதான் சொன்னேன். அப்புறம் போன்ல ஸ்க்ரீன் டைம் திறந்து பார்த்தேன். ராத்திரி படுக்கையில மட்டும் தினமும் நாற்பது நிமிஷம் ரீல்ஸ் பார்த்திருக்கேன். நம்ம ஊர்ல இருந்து சேலம் போற வழியில அதியமான்கோட்டை இருக்கு. தகடூரை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தர்ற நெல்லிக்கனி கிடைச்சும், தான் சாப்பிடாம ஔவைக்குக் குடுத்தான். நமக்கு ராஜ்ஜியமும் இல்லை, நெல்லிக்கனியும் இல்லை. நமக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கற அந்த நாற்பது நிமிஷத்துல பத்து நிமிஷம் இருக்கு. அதைப் பிள்ளைக்குக் குடுத்தா அதுதான் நம்ம நெல்லிக்கனி.

நாலு மாசமா நாங்க செஞ்சு பார்த்ததை எழுதறேன். ஆறுமுகனுக்கு ஆறுன்னு வச்சுக்குங்க.

1. நேரத்தைக் கட்டிப் போடுங்க. எங்க வீட்ல ஏழே முக்கால். சாமி விளக்கு ஏத்தி, திருநீறு வச்சதும் புத்தகம். எட்டரைக்கு எனக்கு க்ளையன்ட் கால், அதுக்குள்ள முடிஞ்சுடும். விளக்கும் புத்தகமும் ஒண்ணா இருந்தா மறக்காது.

2. போன் வேற அறையில இருக்கட்டும். சைலன்ட்ல போட்டுப் பக்கத்துல வச்சா போதாது. நம்ம கண்ணு அங்கேதான் போகும், பிள்ளை அதைக் கண்டுபிடிச்சுடும்.

3. முழுசாப் படிச்சே ஆகணும்னு இல்லை. மூணாவது பக்கத்துல எழுந்து ஓடினா ஓடட்டும். நாளைக்கு நாலு பக்கம் உக்காருவான்.

4. படிச்சு நிறுத்துங்க. "இது என்ன?"ன்னு கேட்டுட்டு, மனசுக்குள்ள "ஓம் சரவணபவ" ரெண்டு தடவை சொல்லுங்க. அவ்வளவு நேரம் காத்திருந்தாதான் குழந்தைக்குப் பதில் வரும். நாம அவசரப்பட்டு நாமளே பதில் சொல்லிடறோம்.

5. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா அலுத்துக்காதீங்க. ஆறெழுத்தை 108 தடவை சொல்றோமே, "இப்பத்தானே சொன்னே"ன்னு முருகன் கேக்கறாரா? குழந்தைக்கு அது ஜபம்.

6. செலவு பெரிசா இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழ்ப் படப் புத்தகங்கள் விலை குறைவு. துளிகா பதிப்பகத்துல அழகான படங்களோட தமிழ்ல கிடைக்குது. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைகளை இலவசமா இறக்கி, பிரின்ட் எடுத்து நூல் போட்டுத் தைச்சுக்கலாம். தகடூர் புத்தகப் பேரவை நடத்தற நம்ம ஊர்ப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளையைத் தோள்ல வச்சுக் கூட்டிட்டுப் போங்க.

நான் ஒரு புத்தகம் நானே வரைஞ்சேன். சிரிக்காதீங்க, எனக்கு வட்டம் கூட ஒழுங்கா வராது. ஏ4 பேப்பரை மடிச்சு எட்டு பக்கம். ஒரு நாவல் மரம், மேலே மாடு மேய்க்கற பையன், கீழே கைத்தடியோட ஔவைப் பாட்டி. சுட்ட பழமா, சுடாத பழமான்னு பையன் கேக்கறான். பழம் மண்ணுல விழுது. பாட்டி மண் போக ஊதறாங்க. கடைசிப் பக்கத்துல பையன் முருகனாயிடறான். (அதியமானோட நட்பா இருந்த சங்க கால ஔவை வேற, ஆத்திசூடி பாடின ஔவை வேறன்னு அறிஞர்கள் சொல்றாங்க. என் பையனுக்கு ரெண்டு பேரும் ஒரே பாட்டிதான்.)

இதுல எனக்குப் பெரிய பாடம் சொன்னது எங்க அம்மா. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைஞ்ச மாவட்டம் நம்ம தருமபுரி, 68.54 சதவீதம். அந்தக் கணக்குல படிக்கத் தெரியாதவங்க பக்கம் நிக்கறவங்கள்ல எங்க அம்மாவும் ஒருத்தர். நான் பெங்களூரு போற நாள்ல "நீங்க படிச்சுக் காட்டுங்கம்மா"ன்னு சொல்லிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவங்க கோவிச்சுக்கலை. "படம்தான் இருக்குதே, எனக்கு என்னத்துக்குடா எழுத்து"ன்னாங்க.

ஒரு வியாழக்கிழமை பஸ் லேட். வீட்டுக்கு வந்தப்ப மணி ஒன்பதரை. வாசல்லேயே நின்னுட்டேன். எங்க அம்மா மடியில அவன். கையில என் கோணல் புத்தகம். நான் எழுதின ஒரு வரியும் அவங்க சொல்லலை. அவங்க ஊர் நாவல் மரம், அவங்க மேய்ச்ச ஆடு, சின்ன வயசுல வாயெல்லாம் நீலமான கதைன்னு ஓடிக்கிட்டு இருந்தது. பழம் விழற பக்கம் வந்ததும் நிறுத்திட்டு அவன் மூஞ்சியையே பார்த்தாங்க. அவன் பழத்தைப் பார்த்தான், அவங்களைப் பார்த்தான். கன்னத்தை உப்பி "ஃபூ"ன்னு ஊதினான். ஊதிட்டு, "ஆயா, தூது"ன்னான்.

சுடுதாம். எங்க அம்மா அழுதுட்டாங்க. நானும்தான்.

இதை அற்புதம்னு சொல்லி அனுப்பலை. அவனுக்கு இன்னும் முப்பது வார்த்தைதான் இருக்கும். பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிட்டுப் போறோம். உங்க குழந்தையும் ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னா, "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசினாங்க"ன்னு விட்டுடாதீங்க. டாக்டரைப் பாருங்க, காதைச் சோதிங்க. வேண்டுதலும் வேணும், வைத்தியமும் வேணும். வைத்தீஸ்வரன் கோயில் முருகன் வைத்தியநாதரோட பிள்ளைதானே, கோவிச்சுக்க மாட்டார்.

இன்னைக்கு ராத்திரி விளக்கு ஏத்தினதும் பிள்ளையை மடியில வச்சுக்குங்க. சிவபெருமானே காது குடுத்துக் கேட்டார். நமக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?

மழலை பேசற எல்லா வீட்டுக்கும், மழலைக்காகக் காத்திருக்கற எல்லா வீட்டுக்கும், சுவாமிநாதன் துணை இருக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!