உடலில் ஒரு சதைத்துண்டு

உடலின் சீரும் கேடும் ஒரு சதைத்துண்டைப் பொறுத்திருக்கின்றன, அதுவே கல்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அதன் நோக்கம் ஈமானும் நிய்யத்தும் என்பதை உலமாக்கள் விளக்கிவிட்டார்கள். நாம் இம்மாதம் உவமையாக வந்த அந்தச் சதைத்துண்டையே சற்று நோக்குவோம். மூடிய கையளவுதான் அது. எடையோ கால் கிலோவுக்குச் சற்று மேல்.

ஸுப்ஹுத் தொழுகையின் இரண்டு ரக்அத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தக்பீர் கட்டியதிலிருந்து ஸலாம் கொடுப்பதற்குள் நம் இதயம் ஏறக்குறைய முந்நூற்றைம்பது முறை துடித்துவிடுகிறது. உடலிலுள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர். நிமிடத்துக்கு அவ்வளவையும் இதயம் தள்ளுகிறது. ஆக, அந்த இரண்டு ரக்அத்துக்குள் நம் இரத்தம் முழுவதும் ஐந்து சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. நம் எண்ணமோ அந்நேரம் கடைத்தெருவையும் பாக்கிக்காரனையும் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்!

அந்தச் சுற்று எப்படி நடக்கிறது? உடலெங்கும் உழைத்துக் கறுத்துச் சிவந்த இரத்தம் சிரைகள் வழியே இதயத்தின் வலப்புறம் வந்து சேர்கிறது. வலது அறை அதை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே கரியமில வாயுவைக் கழித்து, பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு, செக்கச்செவேலென்று இடப்புறம் திரும்புகிறது. இடது அறை அதைப் பெருந்தமனியில் தள்ள, தலை முதல் கால்விரல் வரை போய்ச் சேருகிறது. முடியிலும் மெல்லிய தந்துகிகளில் புகுந்து, உணவையும் காற்றையும் கொடுத்து, கழிவை வாங்கிக்கொண்டு மறுபடி சிரைக்கு வருகிறது. நிற்கும்போது பாதத்திலிருந்து நெஞ்சுவரை இரத்தம் மேலேற வேண்டுமே! அதற்காகக் கால் சிரைகளில் சின்னஞ்சிறு கதவுகளை வைத்திருக்கிறான் வல்ல நாயன். கெண்டைக்கால் சதை அழுத்தும்போது அவை மேல்நோக்கித் திறக்கும், கீழ்நோக்கித் திறவா.

இன்று பள்ளிப்பிள்ளைகளும் சொல்லும் இந்தப் பாடத்தை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாகப் படித்தது. ஈரல் உணவிலிருந்து இரத்தத்தைச் செய்கிறது, அதை உறுப்புகள் செலவழித்துவிடுகின்றன, இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கொஞ்சம் இடப்புறம் கசிகிறது என்றார் கிரேக்க ஹகீம் ஜாலீனூஸ். துளை விஷயத்தை மறுத்தவர் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (ரஹ்). டமாஸ்கஸில் வைத்தியம் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687-ல் (கி.பி. 1288) மறைந்தவர். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹை மதரஸாவில் கற்பித்த ஆலிமும்கூட. 1242-ல், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், இப்னு ஸீனாவின் கானூனிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு விளக்கவுரை எழுதினார். அந்தச் சுவர் தடித்தது, அதில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய்த்தான் இடப்புறம் வரவேண்டும் என்று அதில் எழுதிவைத்தார். அந்த ஏடு பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924-ல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் கண்டெடுத்தார்.

இதைச் சொல்லி நம்மில் சிலர், இரத்த ஓட்டம் முழுவதையும் நாமே கண்டுபிடித்தோம், மற்றவர் திருடிக்கொண்டனர் என்று மேடையில் முழங்குகிறார்கள். அது நியாயமன்று. இப்னுந் நஃபீஸ் சொன்னது நுரையீரல் வழியான சுற்றை. உடல் முழுவதும் சுற்றித் திரும்புவதை அளந்து நிறுவியவர் 1628-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடலிலுள்ள மொத்தத்தையும் மிஞ்சுகிறதே, உணவிலிருந்து அத்தனையும் புதிதாக ஊறுமா என்று அவர் கணக்குப் போட்டார். தந்துகியை அவரும் காணவில்லை. 1661-ல் இத்தாலியின் மல்பீகிதான் தவளையின் நுரையீரலில் அதைப் பூதக்கண்ணாடியால் கண்டார். உரியவருக்கு உரியதைக் கொடுப்பது நம் மார்க்கம்.

இப்னுந் நஃபீஸ் சொன்ன இன்னொன்று நமக்கு அதைவிட முக்கியம். இதயம் தன் அறையில் நிறைந்திருக்கும் இரத்தத்தைக் குடித்து வாழவில்லை. தன் சதைக்குள் ஓடும் தனிக் குழாய்களால்தான் ஊட்டம் பெறுகிறது. எல்லோருக்கும் பந்தி விளம்புகிறவன் தன் கலத்துக்குக் காத்திருப்பது போல! அந்தக் குழாயில் கொழுப்புப் படிந்து, இரத்தம் உறைந்து அடைத்தால் வருவதே மாரடைப்பு. அடைப்பு நீங்காவிட்டால் சில மணி நேரத்துக்குள் அந்தச் சதை செத்துப்போகிறது. செத்தது மீளாது.

நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் இருந்தார். முதல் ஸஃப்பு தவறாதவர். ஒரு நாள் ஸுப்ஹுக்குப் பின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். இடது கை வலித்தது. குளிர்ந்த காலையில் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. “வாயுதான் தம்பி, அல்லாஹ் பார்த்துக்குவான்” என்றார். நாமும் சுக்குக் கஷாயம் வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டு வந்தோம். அஸருக்குப் பின் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. அஜல் அல்லாஹ்விடம்; அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் சுக்குக் கஷாயத்தோடு நின்றது நம் கை. அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னது தவக்குல் என்றுதான் அன்று நாமும் நினைத்தோம். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் பார்க்க வந்து, அவர் நெஞ்சில் தம் முபாரக்கான கையை வைத்து, இது இதயநோய் என்று சொல்லி, தகீஃப் கோத்திரத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகச் சொன்னதாக அபூதாவூதில் இருக்கிறது. நோயாளி யார்? சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். நெஞ்சில் பட்ட கை யாருடையது? அப்படியிருந்தும் மருத்துவரிடம் போ என்றே சொல்லப்பட்டது.

ஆகவே மஸ்அலாவைத் தெரிந்துகொள்வோம். தொழுகையில் நிற்கும்போது நெஞ்சை அழுத்தும் வலி வந்தால், தக்பீர் கட்டிவிட்டோமே என்று தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஃபர்ளுத் தொழுகையையும் முறிக்கலாம்; பிறகு தொழுதுகொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ அனுமதி உண்டு. பக்கத்தில் நிற்பவர் சரிந்து விழுந்து, அவரைக் காக்க வேறு ஆளில்லையென்றால், நம் தொழுகையை முறித்து அவரைத் தூக்குவது நம்மீது கடமை. அப்போது ஒருவர் வாகனத்துக்கு ஓடட்டும். கஷாயத்துக்கு ஓட வேண்டாம்.