இரண்டு கணக்குத் தலைப்புகள்

ஓய்வூதியம் பற்றிய விவாதம் நம்மிடையே எப்போதும் கணக்காகத் தொடங்கிக் கணக்காகவே முடிந்துபோகிறது. இத்தனை கோடி, இத்தனை சதவீதம், இன்னும் முப்பது ஆண்டுகளில் இவ்வளவாகும், ஆகவே அரசாங்கம் தாங்காது. அல்லது தாங்கும். கணக்கு தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. கருவூலத்தில் கணக்கராகச் சேர்ந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கோடு இருந்தவன். அதன் பொருட்டே இப்போது மாதந்தோறும் ஓய்வூதியம் வாங்குகிறவன். கணக்கின் மீது எனக்குள்ள மரியாதை, கவிதை எழுதுகிறவர்கள் பலருக்கு யாப்பின் மீது உள்ளதைக் காட்டிலும் அதிகம். ஆனால் எந்தக் கணக்கும், எதை எண்ணுவது என்று தீர்மானித்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தத் தீர்மானம் கணக்குக்கு வெளியே, வேறொரு தளத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. என் சந்தேகம் அந்தத் தளத்தைப் பற்றியது.

தமிழில் கடன் என்ற ஒரே சொல் இரண்டு காரியம் செய்கிறது. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன், செய்தே தீரவேண்டிய காரியமும் கடன். பயிர்க்கடன் இருக்கிறது, இறுதிக்கடன் இருக்கிறது. காலைக்கடன்கூட இருக்கிறது. இதை மொழியின் குழப்பம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவருக்குப் பட்டிருப்பது என்ற ஒரே அனுபவத்தின் இரண்டு முகங்கள் அவை. நவீன அரசு இந்தச் சொல்லை இரண்டாகப் பிளந்து, முதல் அர்த்தத்தை மட்டும் ஏட்டில் ஏற்றுகிறது. இரண்டாவதை மேடைப் பேச்சுக்கு விட்டுவிடுகிறது.

அரசுக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு இலக்கத் தலைப்பு உண்டு. ஓய்வுபெற்ற ஊழியருக்குப் போவது 2071. பொதுச் சேவைகள் என்ற பிரிவில், கடனுக்குக் கட்டும் வட்டி 2049, காவல்துறை 2055 முதலியவற்றோடு அது வரிசையில் நிற்கும். வட்டியைப் போலவே தவிர்க்கமுடியாத செலவு என்று அதற்குப் பெயர். முதியோர் உதவித்தொகை 2235. அது சமூகச் சேவைகள் பிரிவில், நலத்திட்டங்களின் நடுவே இருக்கிறது. ஒன்றில் ஊதியம் என்ற சொல் இருக்கிறது, மற்றதில் உதவி என்ற சொல். முப்பத்து நான்கு ஆண்டுகள் இரண்டு தலைப்பிலும் பட்டியல்களைத் தணிக்கை செய்தேன். இந்தச் சொற்களைத் தாண்டி அவற்றுக்கிடையே என்ன வித்தியாசம் என்று யோசிக்கும் ஓய்வு, ஓய்வுபெற்ற பின்தான் கிடைத்தது.

2071இன் நியாயத்தைத் தெளிவாகச் சொன்னது 1982 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் அளித்த நகாரா வழக்குத் தீர்ப்பு. ஓய்வூதியம் எஜமானன் மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, செய்துமுடித்த வேலைக்கு உரியது என்றது. வேறு வார்த்தையில், அது தள்ளிவைக்கப்பட்ட ஊதியம். அந்த வழக்கே ஒரு தேதியைப் பற்றியது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வுபெற்றவருக்குத் தாராளமாக்கப்பட்ட புதிய விதி கிடையாது என்று மத்திய அரசு வைத்த கோட்டை நீதிமன்றம் அழித்தது. ஒரு தேதியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பதாலேயே ஒரே இனம் இரண்டாகிவிடாது என்பது அதன் தர்க்கம். தமிழ்நாட்டுக்கும் ஒரு தேதி பின்னால் வந்தது. 2003 ஏப்ரல் 1 அன்றும் அதன் பிறகும் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். சம்பளத்தில் பத்து சதவீதம் அவர்கள் போட, அரசு அதே அளவு போடும். இவ்வளவு கிடைக்கும் என்ற வாக்கு மட்டும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில், சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையல்ல என்று ஆகஸ்டு 6இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்றாலும் அந்த ஜூலையின் பயம் அலுவலகங்களில் வெகுநாள் இருந்தது. நான் இருந்த மேஜைக்கு எதிர்மேஜையில் 2004இல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். ஒரே பட்டியல், ஒரே முத்திரை, ஒரே சம்பள விகிதம். எனக்கு வாக்கு உண்டு, அவருக்கு இல்லை. தெரிந்துதானே சேர்ந்தார் என்று அப்போது சொல்லப்பட்டது. வேலை தேடி அலையும் ஒருவரின் சம்மதத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்று கொள்வது என்று அப்படிச் சொன்னவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சீர்திருத்தத்தின் தரப்பில் ஒரு கௌரவமான வாதம் உண்டு, அதைத் தட்டிவிட்டுப் போவது நேர்மையல்ல. பழைய திட்டத்தில் இன்றைய அரசு வாக்குக் கொடுக்கிறது, நாளைய மனிதர்கள் கட்டுகிறார்கள். கையெழுத்துப் போடாதவன் தலையில் கடன். 1789 செப்டம்பரில் ஜெஃபர்சன் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாதம் முழு உருவத்தில் இருக்கிறது. பூமி உயிரோடிருப்பவர்களுக்கு அனுபவ பாத்தியதை மட்டுமே உள்ளது, ஒரு தலைமுறை தன் கடனை அடுத்த தலைமுறையின் மேல் ஏற்ற முடியாது என்பது அவர் நிலை. ஆயுள் அட்டவணைகளைப் பார்த்துத் தலைமுறையின் நீளம் பத்தொன்பது ஆண்டு என்றுகூடக் கணக்கிட்டார். அழகான தர்க்கம். அவர் 1826இல் இறந்தபோது பெருங்கடன் இருந்தது. அதைத் தீர்க்க அவருடைய அடிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். தலைமுறைகளுக்கிடையிலான நீதியைப் பற்றி யோசித்த அந்தச் சிறந்த மூளையில், ஒரே தலைமுறைக்குள், ஒரே தோட்டத்துக்குள் இருந்தவர்கள் விழவில்லை. இந்த வகையான மறதி தனிமனிதக் குறை என்று நான் நினைக்கவில்லை. பிறக்காதவர்களின் பேரில் பேசுவது சௌகரியமானது. அவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

தவிர, தன் முதுமைக்குத் தானே சேமித்துக்கொள்வதால் எதிர்காலத்தின் மேல் பாரம் ஏறாது என்பது பாதி உண்மைதான். இன்று நாமக்கல் கோழிப்பண்ணையில் எடுத்த முட்டையை முப்பது ஆண்டு கழித்துச் சாப்பிடலாம் என்று யாரும் எடுத்துவைக்க முடியாது. பணத்தைச் சேமிக்கலாம், பண்டத்தைச் சேமிக்க முடியாது. எந்தத் திட்டத்திலும் கிழவன் சாப்பிடுவது அன்றைக்கு இளைஞன் விளைவித்ததைத்தான். சேமிப்பு என்பது அவன் விளைவிக்கப்போவதில் ஒரு பங்குக்கான சீட்டு. சாமுவேல்சன் 1958இல் எழுதிய கட்டுரையில் இது ஒரு சங்கிலியாக வருகிறது. இளையவன் முதியவனுக்குத் தருகிறான், முதியவனிடமிருந்து அது அவனுக்குத் திரும்பி வராது, இன்னும் பிறக்காத மூன்றாமவன் தருவான் என்ற நம்பிக்கையில் தருகிறான். தமிழ்நாட்டின் பங்களிப்புத் திட்டத்தில் இது இன்னும் அப்பட்டம். மத்திய அரசின் புதிய ஓய்வூதிய அமைப்பில் தமிழகம் சேரவில்லை. ஊழியரிடம் பிடித்த பணம் அரசின் கணக்கிலேயே நின்று வட்டி வளர்ந்தது. வாக்குக் கொடுப்பதை நிறுத்தியதாகச் சொன்ன அரசு, வாக்கின் பெயரை மாற்றியது. 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு அறிவித்ததும், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வாக்கு என்ற இடத்துக்கே சுற்றி வந்ததுதான்.

ஆக, வாக்கு இல்லாமல் முதுமை இல்லை. கேள்வி, வாக்கு யாருக்கு என்பது.

2021 ஆகஸ்டில் வெளியான மாநில நிதி வெள்ளை அறிக்கை, அரசின் கடனைக் குடும்பங்களால் வகுத்து, ஒரு குடும்பத்தின் பங்கு 2,63,976 ரூபாய் என்றது. டீக்கடை வரை போன எண் அது. எங்கள் தெருவில் தார் சுற்றி வயிறு வளர்க்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். பள்ளிபாளையம் தறிப்பட்டறைகளில் கணவர் நாற்பது வருஷம் தறி ஓட்டிச் செத்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது, இன்னும் தார் சுற்றுகிறார். அந்த எண்ணின்படி அவரும் கடனாளி. அந்தக் கடனின் ஒரு பகுதி எனக்குத் தரவேண்டிய 2071. சரி, அவருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள்? வெள்ளை அறிக்கையில் அந்தப் பத்தி இருக்க முடியாது. வாக்குக் கொடுத்தால்தான் அது கடனாக ஏட்டில் ஏறும். ஒன்றுமே வாக்களிக்கப்படாதவருக்குப் பாக்கியும் ஒன்றுமில்லை. நீண்டகால வரவுசெலவுத் திட்டம் என்று நாம் சொல்வது எதிர்காலத்தின் படமல்ல, கொடுத்த வாக்குகளின் படம். வாக்கில்லாதவர்கள் அதில் வரிகட்டுகிறவர்களாக மட்டுமே தென்படுகிறார்கள்.

வரி கட்டுகிறார்கள் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். மாநிலத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? டீசலுக்கும் பெட்ரோலுக்கும் மாநில வரி உண்டு. நாமக்கல் லாரி தேசம் முழுக்க ஓடுகிறது, டிரைவர் சங்ககிரியில் நிரப்பினால் ஒவ்வொரு லிட்டரிலும் சென்னைக்கு ஒரு பங்கு. ஊழியருக்கு வாக்கு நிறுத்தப்பட்ட அதே 2003இன் இறுதியில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. பட்டறையில் டிங்கர் வேலை பார்ப்பவனும், சேகோ பேக்டரியில் குச்சிக்கிழங்கு உரிப்பவளின் புருஷனும் இரவில் தருவது அந்த வழியாகப் போகிறது. இவர்களுக்கு ஓய்வுபெறும் தேதி கிடையாது. கண் மங்குகிற நாள்தான் தேதி.

வாக்களிக்கப்படாத முதுமை மறைந்துவிடுவதில்லை. அது ஏட்டுக்கு வெளியே, குடும்பத்துக்குள் கட்டப்படுகிறது. இந்தச் சேலம்-நாமக்கல் சமவெளியில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இதைப் பேசினால் அது பொய். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க, வேண்டாதவர்கள் குழந்தையைக் கொண்டுவந்து போட ஒரு தொட்டில். வரதட்சணை, நிலம், சாதியின் கௌரவம், கொள்ளி போட ஆள் என்று காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, வயதான காலத்தில் கஞ்சி ஊற்றுவான் என்ற கணக்கு. மகன் ஓய்வூதியம். மகள் அடுத்த வீட்டின் ஓய்வூதியத்துக்கு நாம் கட்டும் சந்தா. இதை இப்படிப் பச்சையாக எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை. ஆனால் பிறக்காதவர்கள் மேல் பாரம் ஏற்றாதே என்று பட்டணத்தில் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கே பிறந்தவர்களின் கழுத்தில் அந்தப் பாரம் ஏற்கெனவே ஏறியிருந்தது. எந்த நிதிநிலை அறிக்கையின் எந்தத் தலைப்பிலும் அது வரவில்லை.

அரசு இந்தக் குடும்பக் கடனை நம்பித்தான் தன் கடனைச் சிறியதாக வைத்துக்கொண்டது. 1962இல் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை வந்தபோதிருந்தே, வாங்குகிறவர் ஆதரவற்றவராக இருக்கவேண்டும். வயதுக்கு வந்த மகன் இருப்பதே தகுதியின்மையாக இருந்த காலம் உண்டு. அவன் பார்த்துக்கொள்கிறானா என்பது வேறு கேள்வி. பிறகு 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பார்த்துக்கொள்ளாத மகன் மேல் தாய் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். மனுப் போட்ட தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் அடுத்த வாய்தாவுக்கு வருவதில்லை. மகனும் தறிக்காரன், கிளீனர். அவனிடம் இல்லாததை எந்தக் கோட்டாட்சியர் வாங்கித் தருவார்?

என் ஓய்வூதியத்தை நான் விட்டுத்தரப் போவதில்லை. எதிர்மேஜை இளைஞருக்கும் அது கிடைக்கவேண்டும். கொடுத்த வாக்கை மீறுகிற அரசு, கொடுக்காத வாக்கை ஒருநாளும் கொடுக்கப்போவதில்லை. எங்களிடம் பறித்துத்தான் அந்த அம்மாளுக்குத் தரமுடியும் என்பவர்கள் பறிப்பதில்தான் அக்கறையுள்ளவர்கள். ஆனால் நாங்கள் சொல்லும் நியாயத்தை நாங்களே கடைசி வரை யோசித்ததில்லை. தள்ளிவைக்கப்பட்ட ஊதியம் என்கிறோம். நாற்பது வருஷம் சந்தையில் சேலை மலிவாகக் கிடைத்ததே, தறிக்காரனுக்குத் தராமல் தள்ளிவைத்ததால் அல்லவா? தள்ளிவைத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சேவைப் பதிவேடு இருந்தது. அதில் ஒவ்வொரு ஆண்டும் ஒருவர் கையெழுத்துப் போட்டார். ஊதியம் தள்ளிவைக்கப்பட்டதற்கு அத்தாட்சி வேலை அல்ல, பதிவேடு என்றால் இந்த நியாயம் உழைப்பைப் பற்றியதே அல்ல, காகிதத்தைப் பற்றியது.

இதை ஒருநாள் அந்த அம்மாளிடமே கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, உங்களுக்கு வர்றதும் சம்பளந்தானுங்க" என்றேன். தார்க்குச்சியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "அட போங்க சார். உங்களுக்கு வர்றது சம்பளமுங்க, எனக்கு வர்றது தர்மமுங்க. சம்பளம் கொறஞ்சா சண்டை போடலாம். தர்மத்துக்கு யாருகிட்டப் போயி கணக்குக் கேக்கறது?"

அவர் சொன்னதன் பொருளாதாரம் துல்லியமானது. 2071க்கு அகவிலைப்படி உண்டு. விலைவாசிக் குறியீட்டெண் ஏற ஏற, வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை அதுவும் ஏறும், தாமதமானால் சங்கம் கேட்கும். 2235இல் மாதம் 1,000 ரூபாய் என்பது 2011இல் வந்தது. 1,200 ஆனது 2023 ஆகஸ்டில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் அது அதே 1,000 ரூபாயாகவே இருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூல் விலை எத்தனை முறை ஏறியது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.